கடல்மீன் தொட்டி அமைத்தல்: புதிதாகத் தொடங்குவோர்க்குரிய குறிப்புகள்

நெல்லை விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்தல் வேண்டுமென்பதைக் கமக்காரர் எவரும் அறிவர். உழாத நிலத்தில் விதையை இறைத்துவிட்டு விளைவை எதிர்பார்ப்பார் இல்லை. ஆயினும் கடல்மீன் வளர்க்கத் தொடங்குவோரிற் பலர் தொட்டியையும் நீரையும் மீனையும் ஒரே நாளிற் சேர்த்து, சில நாட்களுள் மீன்களை இழந்துவிடுகின்றனர். நோய் வந்ததென்று அவர்கள் எண்ணுவர். பெரும்பாலும் காரணம் பண்படாத நீரேயாகும். கடல்மீன் தொட்டியில் நீரே நிலம். அதனைப் பண்படுத்தும் முறையைப் பரந்தன் பகுதிக்கு ஏற்றவாறு இப்பிரசுரம் விளக்குகின்றது.

1. தொட்டியும் இடமும்

சிறிய தொட்டி எளிதென எண்ணுதல் தவறு. நீர் குறைவாயின் வெப்பமும் உப்பும் விரைவில் மாறும். 4 அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஏறக்குறைய 250 லீற்றர் நீர் கொள்ளும். நீரின் நிறை மட்டுமே கால் தொன்னுக்கு மேலாதலின், உறுதியான பீடத்தின்மேல் அதனை வைத்தல் வேண்டும். வெயில் விழும் சாளரத்தருகே வைத்தலாகாது. நீரை இடையறாது அசைக்கும் பம்பியொன்று இன்றியமையாதது. மின் தடைப்படுங் காலத்துக்கென மின்கலத்தால் இயங்கும் காற்றுப்பம்பியொன்றையும் வைத்திருத்தல் நன்று.

2. உப்பு நீர்

ஆனையிறவு அண்மையில் இருத்தலால், அங்குள்ள களப்பு நீரையோ உப்பையோ பயன்படுத்தலாமெனச் சிலர் கருதக்கூடும். இரண்டும் ஏற்றவையல்ல. களப்பு நீர் மாரியில் மழைநீரால் நீர்த்துவிடும். கோடையிற் கடல்நீரிலும் மிக்க உவராகும். உப்பளத்திற் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலிற் படிகின்றன. பின்னர்ச் சோடியங் குளோரைட்டு படிகின்றது. மகனீசிய உப்புகள் எஞ்சிய கைப்புநீரில் தங்கிவிடுகின்றன. ஆகவே சமையல் உப்பை நீரிற் கரைத்தால் உப்புநீர் கிடைக்குமேயன்றிக் கடல்நீர் கிடையாது. மீன்தொட்டிக்கெனச் சேர்க்கப்பட்ட கடலுப்புக் கலவையை லீற்றருக்கு 35 கிராம் வீதம் கரைத்தல் வேண்டும். மேலே கூறிய தொட்டிக்கு ஏறக்குறைய 9 கிலோ தேவைப்படும்.

இயற்கைக் கடல்நீரை விரும்புவோர், கோடையில், ஆற்று முகத்துக்கும் களப்பு வாய்க்கும் அப்பால், முல்லைத்தீவுப் பக்கத்துத் திறந்த கடலில் அதனை எடுக்கலாம். துணியில் வடித்து, மூடிய கலங்களில் இருட்டில் இரு கிழமைகள் வைத்துப் பயன்படுத்துக. எந்நீராயினும் நீரமானியாற் சோதித்தபோது அதன் தன்னீர்ப்பு 1.023 முதல் 1.026 வரை இருத்தல் வேண்டும்.

3. கல்

1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த கற்களே தொட்டி நீரைத் தூய்மையாக்க வல்லன எனக் காட்டினார். கல்லின் துளைகளில் வாழும் பற்றீரியாக்களே இவ்வேலையைச் செய்கின்றன. இதற்கெனக் கடற்கல்லைப் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் பண்டைக் கடலிற் படிந்ததாகும். கிணறு வெட்டும்போது வெளிவந்த, துளைகள் மிக்க துண்டுகளைத் தெரிந்து, மண்போகக் கழுவி, பலநாள் நன்னீரில் ஊறவைத்து அடுக்கலாம். பற்றீரியாக்கள் நாளடைவில் அவற்றிற் குடியேறும்.

4. நீரைப் பண்படுத்தல்

யூரியா மண்ணில் அமோனியாவாகிப் பின் நைத்திரேற்றாக மாறுவதைத் தோட்டக்காரர் அறிவர். தொட்டியிலும் இதுவே நிகழ்கின்றது. மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அமோனியாவைத் தருகின்றன. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. நைத்திரேற்று அத்துணைத் தீங்கற்றது. வெள்ளம் நின்ற வயற்சேற்றில் நைத்திரேற்று வாயுவாகி வீணாதல்போல, ஒட்சிசன் எட்டாத கல்லின் உட்டுளைகளிலும் அதன் ஒரு பகுதி வாயுவாகி வெளியேறும். வயலுக்கு நட்டமானது தொட்டிக்கு நன்மையாகும்.

இப்பற்றீரியாக்கள் பெருகுவதற்கு 4 முதல் 6 கிழமைகள் செல்லும. அதுவரை மீன் இடலாகாது. சிறிய இறால் துண்டொன்றை நீரில் இட்டுப் பம்பியை இயக்கி, சோதனைப் பெட்டியால் கிழமைதோறும் இருமுறை நீரைச் சோதித்து வருக. முதலில் அமோனியா ஏறி இறங்கும்; அடுத்து நைத்திரைற்று ஏறி இறங்கும். இரண்டும் காணப்படாத நாளே நீர் பண்பட்ட நாளாகும்.

5. மீனும் உணவும்

முதலில் இரண்டு சிறிய கோமாளி மீன்கள் போதும். தொட்டியிற் பிறந்து வளர்ந்தவற்றையே கேட்டு வாங்குக. இம்மீனைக் குஞ்சு பொரிக்கச்செய்து வளர்க்கும் முறை, இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள மண்டபம் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் வெற்றியுடன் கையாளப்பட்டுள்ளது. மீன் வந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, ஒரு மணி நேரம் சிறிது சிறிதாகத் தொட்டிநீரைப் பையிற் சேர்த்தபின் மீனை விடுக. அடுத்த மீனுக்கு மூன்று கிழமைகளாவது பொறுத்தல் வேண்டும். நாளொன்றுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்துள் உண்டு முடிக்கும் அளவே உணவிடுக.

6. ஆவியாதலும் வெப்பமும்

நீர் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. வயலில் நீர் வற்ற உவர் பூப்பதும் இதனாலேயே. ஆதலின் குறைந்த நீருக்கு ஈடாக நன்னீரையே நாடோறும் ஊற்றுக, உப்புநீரை ஊற்றலாகாது. உவர்க் கிணற்று நீரும், பசளை கசிந்த தோட்டக் கிணற்று நீரும் ஆகா. கூரை நன்கு கழுவப்பட்ட பின் சேர்த்த மழைநீர் ஏற்றது. இரு கிழமைக்கொருமுறை 25 லீற்றர் பழைய நீரை நீக்கிப் புதிய உப்புநீரை இடுக. வெப்பம் 25 முதல் 28 பாகை செல்சியசுவரை இருத்தல் நன்று. கோடையில் மூடியை நீக்கி, நீர்மேற்பரப்பில் மின்விசிறிக் காற்றுப் படச்செய்தால் வெப்பம் தணியும்.

7. கமக்காரர்க்குச் சிறப்பெச்சரிக்கை

கிருமிநாசினி தெளித்த கையைத் தொட்டியில் இடலாகாது. சிறிதளவு பூச்சிநாசினியே மீன்களைக் கொன்றுவிடும். செம்பு கலந்த பூஞ்சண மருந்து இறால், நத்தை போன்றவற்றை அழிக்கும். மருந்துக் கலங்களை எவ்வளவு கழுவினாலும் அவற்றில் நீர் கொணர்தல் தகாது. தொட்டிக்கென வாளியும் துணியும் தனியே இருத்தல் வேண்டும்.

8. உயிருள்ள முருகைக்கல்

முருகைக்கல் கல்லன்று, சிறு விலங்குகளின் குடியிருப்பு. அவற்றின் உடலிலே வாழும் பாசிகள் ஒளியைக்கொண்டு உணவாக்குகின்றன. வெப்பம் மிகின் பாசிகள் நீங்க, முருகை வெளிறி இறக்கும். 1998இல் இலங்கைக் கடலில் முருகைக்கற்கள் பெருமளவில் இவ்வாறு அழிந்தன. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அவை காக்கப்பட்டுள்ளன; கடலிலிருந்து எடுத்தலும் விற்றலும் குற்றமாகும். ஆகவே புதிதாகத் தொடங்குவோர் சுண்ணக்கல்லும் மீனுங் கொண்ட தொட்டியுடன் அமைதல் வேண்டும். விற்பனைக்கு வரும் முருகையை வாங்காதிருத்தலும் கடலைக் காக்கும் செயலே.

நாற்று வேரூன்றுமுன் பசளையைக் கொட்டுவதாற் பயிர் விரைந்து விளைவதில்லை. தொட்டிக்கும் இஃது ஒக்கும். ஆறு கிழமை வெறுந் தொட்டியைப் பார்த்திருக்கும் பொறுமை உடையவரே ஆறாண்டு மீனைப் பார்த்து மகிழ்வர்.