இரத்த சோகை: உப்பும் மாத்திரையும்

குன்னூரில் 1918இல் ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்கும் ஆய்வு நிலையம், இரும்புச்சத்துக் குறைவைப் போக்க ஏழை வீட்டிலும் தவறாத உப்பையே கருவியாகக் கொண்டது. ஒரு கிராம் உப்புக்கு 1 மில்லிகிராம் இரும்பு என்பது கணக்கு. அதனோடு அயோடினையும் சேர்க்க முற்பட்டபோது சிக்கல் எழுந்தது. இரண்டும் வினைபுரிந்தால் அயோடின் வீணாகும். உப்பின் நிறமும் கெடும். எனவே அவற்றை நிலைப்படுத்தும் பொருளொன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

இவ்வுப்பு தடுப்புக்கு உரியதேயன்றி நோய்க்கு மருந்தன்று. நாளொன்றுக்கு 5 கிராம் உப்பில் கிடைப்பது 5 மில்லிகிராம் இரும்பு. உடல் ஏற்பது அதில் சிறு பகுதியே. இரும்புக்காக உப்பைக் கூட்டி உண்பதோ இரத்த அழுத்தத்தை வரவழைப்பதாகும்.

ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் இரத்த சோகை எனப்படும். ஆனால் அது இரும்புக் குறைவால் வந்ததா என்பதை இந்த அளவு மட்டும் சொல்லாது. ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் ஆகியவற்றின் குறைவு, தலசீமியா, நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவையும் காரணமாகலாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்னும் புரதம். அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழிருந்தால் ஐயமில்லை. ஆயினும் தொற்றோ அழற்சியோ உள்ளவரிடம் இவ்வளவு உயர்ந்து, குறைவை மறைத்துவிடும்.

குறைவு உறுதியானபின் இரும்பு எவ்வழி போயிற்று என்று தேட வேண்டும். பெண்களிடம் மிகுந்த மாதவிலக்கும் அடுத்தடுத்த பேறுகளும், வெறுங்காலுடன் வயலில் உழைப்போரிடம் கொக்கிப்புழுவும் முதலில் நினைவுக்கு வர வேண்டியவை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கும் சோகை காணப்பட்டது. ஆண்களைப் பற்றிய இரண்டாம் எண் அதிகம் பேசப்படுவதில்லை. ஆணிடமோ மாதவிலக்கு நின்ற பெண்ணிடமோ இக்குறைவு கண்டால், இரைப்பைப் புண், மூலம், குடற்புற்று ஆகியவற்றால் இரத்தம் கசிகிறதா என ஆராயாமல் மாத்திரை மட்டும் கொடுத்தனுப்புவது ஆபத்தானது.

மருத்துவம் எளிது. 60 மில்லிகிராம் இரும்பு கொண்ட மாத்திரையை மருத்துவர் சொன்னபடி, இயன்றால் வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றுடன் உண்ணலாம். தேநீரும் காப்பியும் அதனை ஒட்டிக் கூடா. மலம் கறுப்பது கண்டு அஞ்சி நிறுத்துவோர் பலர். அது மருந்தின் இயல்பே என்று மாத்திரை வழங்கும்போதே சொல்லிவிட வேண்டும். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது உயராவிடில், மாத்திரை உண்ணப்பட்டதா, கசிவு தொடர்கிறதா, குடல் ஏற்கவில்லையா எனப் பார்த்து, தேவையெனில் நரம்புவழி இரும்பு செலுத்துவர். அளவு சீரானபின்பும் சேமிப்பு நிரம்ப ஏறத்தாழ மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும்.