பாட்டோடு டிரம்ஸ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மிருதங்கமும் தவிலும் வாயால் சொல்லி, காதால் வாங்கி, பிறகு கைக்கு வருபவை. ஆனால் டிரம்ஸ் என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, “நோட்ஸ் படிக்கத் தெரியுமா?” என்பதுதான். பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்துப் பழகுவது பற்றிப் பல நம்பிக்கைகள் உலவுகின்றன. சில வீணாகப் பயமுறுத்துகின்றன. சில வீணாகத் தைரியம் தருகின்றன.

நம்பிக்கை 1: நோட்டேஷன் தெரியாமல் டிரம்மர் ஆக முடியாது.

உண்மை: ஜாஸ் உலகின் அசுர வாசிப்பாளர் பட்டி ரிச்சுக்கு (1917–1987) நோட்டேஷன் படிக்கத் தெரியாது. புதிய உருப்படி வந்தால் ஒத்திகையில் வேறொருவரை வாசிக்கவிட்டுக் கேட்பார். பிறகு தானே உட்கார்ந்து வாசிப்பார். பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டாரும் படிக்கத் தெரியாதவர்தான். அதற்காக நோட்டேஷன் வீண் என்று எண்ணிவிடக் கூடாது. இளையராஜாவின் ஒலிப்பதிவுகளில் அவர் எழுதித் தரும் தாள்களைப் பார்த்துத்தான் இசைக்குழு வாசித்தது. பாட்டே இன்னும் பிறக்காத இடத்தில் காதால் கேட்டுக் கற்க என்ன இருக்கிறது? மேடையில் நண்பர்களோடு வாசிக்கக் காது போதும். ஸ்டூடியோ வேலைக்குப் படிக்கவும் தெரிந்திருப்பது நல்லது.

நம்பிக்கை 2: கிக் எங்கே விழுகிறது என்றே கேட்கவில்லை. எனக்குக் காது சரியில்லை.

உண்மை: பல நேரம் காதின் மேல் தவறில்லை, போனின் மேல்தான். கிக் டிரம்மின் கனமான ஒலி ஏறக்குறைய 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. போனின் குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாகத் தர முடியாது. நல்ல ஹெட்போனில் கேளுங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். முதல் முறை ஹை-ஹாட் மட்டும், அடுத்த முறை ஸ்னேர், அதன்பின் கிக். கிக் அப்போதும் பிடிபடாவிட்டால் பேஸ் கிடாரைப் பின்தொடருங்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே விழும்.

தொடங்க ஒரு பாட்டு வேண்டுமென்றால், மைக்கேல் ஜாக்சனின் 1982 ‘திரில்லர்’ ஆல்பத்தில் உள்ள ‘பில்லி ஜீன்’. ஆரம்பத்தில் டிரம்ஸ் மட்டும் தனியாக வரும். நான்கு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் கிக், இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர், ஹை-ஹாட் சீராக எட்டு. கேட்கக் கேட்க ஒவ்வொன்றும் பிரிந்து தெரியும்.

நம்பிக்கை 3: ‘பூம்-டக்’ ஒன்று பழகினால் எல்லாப் பாட்டுக்கும் வாசிக்கலாம்.

உண்மை: அந்த நான்கு எண்ணிக்கை பீட்டை டப்பாங்குத்தில் போட்டுப் பாருங்கள், இரண்டாவது சுற்றிலேயே இடறும். டப்பாங்குத்து ஆறெட்டில், அதாவது திஸ்ர நடையில் ஓடுவது. குச்சியை எடுக்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள நம்மிடம் வழி இருக்கிறது. பாட்டு ஓடும்போது ‘தகதிமி தகதிமி’ என்று சொல்லிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் ‘தகிட தகிட’ என்று மாற்றுங்கள். எது பாட்டோடு ஒட்டுகிறதோ அதுதான் நடை. தகிடவுக்கு எளிய பீட், ஆறில் ஒன்றாவது எண்ணில் கிக், நான்காவதில் ஸ்னேர்.

நம்பிக்கை 4: பாட்டில் கேட்கும் எல்லாத் தட்டையும் வாசித்தாக வேண்டும்.

உண்மை: சினிமாப் பாட்டில் தபேலா, டோலக், ஷேக்கர், டிரம்ஸ் என்று பல கைகள் ஒன்றாக ஒலிக்கலாம்; மேலே கணினியில் அடுக்கியவையும் சேரும். ஃபில் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ (1981) பாட்டில் மூன்று நிமிடத்துக்கு மேல் தாளம் போடுவது ஒரு டிரம் மெஷின். அவருடைய டிரம்ஸ் அதன் பிறகுதான் இறங்குகிறது. இரண்டு கை, இரண்டு காலுக்கு எட்டுவதைத் தேர்ந்தெடுப்பதும் வாசிப்பின் ஒரு பகுதிதான். பாடகர் எந்தத் தட்டை நம்பிப் பாடுகிறாரோ அதை வையுங்கள், மற்றதை விடுங்கள்.

நம்பிக்கை 5: டிரம்ஸ் சத்தத்தைத் தாண்டிக் கேட்க, பாட்டைச் சத்தமாக வைக்க வேண்டும்.

உண்மை: டிரம்ஸ் சத்தமே 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். அமெரிக்கத் தொழில்நலப் பரிந்துரைப்படி ஒரு நாளில் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் வரம்பு. 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு மிஞ்சுவது 15 நிமிடம். காதை முழுக்க மூடி வெளிச்சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போன் போட்டால் பாட்டைக் குறைத்தே வைக்கலாம். எலக்ட்ரானிக் டிரம்ஸ் என்றால் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் நீங்கள் அடித்த அடியே தாமதமாகக் காதுக்கு வந்து கையைக் குழப்பும்.

நம்பிக்கை 6: பாட்டோடு ஒட்டி வாசிக்க முடிகிறது, எனவே என் காலப்பிரமாணம் சரி.

உண்மை: இதுதான் அதிகம் பேரை ஏமாற்றுவது. காலத்தைத் தாங்கிப் பிடிப்பது பதிவில் இருக்கும் டிரம்மர்; நீங்கள் அவர் தோளில் சாய்ந்திருக்கிறீர்கள். ரோல் போடும்போது கை ஓடினாலும் பாட்டு உங்களைத் திரும்ப இழுத்துவந்துவிடும், ஓடியது உங்களுக்கே தெரியாது. வாசிப்பைப் போனில் பதிவுசெய்து கேட்டால் தெரியும்.

யூட்யூப்பில் வேகத்தை 0.75-க்குக் குறைத்தும் பழகுங்கள், சுருதி இறங்காது. 120-ல் ஓடும் பாட்டு 90-க்கு வரும்; ஸ்னேரில் மெல்ல உரசிப்போகும் தட்டுகள்கூடக் கேட்கும். மெதுவாக வாசிக்கும்போது கை ஓடும் இடமும் அகப்படும்.

பிறகு சோதனை. வாசித்துக்கொண்டே பாட்டின் ஒலியை மட்டும் அடக்குங்கள். பாட்டு உள்ளே ஓடட்டும். நான்கு சுற்று தனியாக வாசித்துவிட்டு ஒலியைத் திறங்கள். பாட்டும் நீங்களும் ஒரே தட்டில் இருந்தால் அடுத்த முறை எட்டு சுற்று. இல்லாவிட்டால் மெட்ரோனோமை வைத்துக்கொண்டு, அதே பீட்டை மெதுவாக, முதலிலிருந்து.