காது கொடுப்பதும் ஒரு வைத்தியந்தான்



லயத்தில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் நாம் எல்லோரும் ஓடிப் போகிறோம். தேத்தண்ணி ஊற்றுகிறோம், பந்தல் போடுகிறோம், மரண உதவிப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் துக்கப்பட்டவர் வாய் திறந்ததும் என்ன சொல்கிறோம்? “அழாதே, விதி அவ்வளவுதான்.” “புள்ளைகளப் பாரு, மனசத் தேத்திக்க.” நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனாலும் அதோடு அவர் பேச்சு நின்றுபோகிறது. பேச்சு நின்றால் துக்கம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இந்தப் பாடத்தை மலையில் இருக்கும் நாம் கடற்கரையிலிருந்து படிக்கலாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியால் இலங்கையில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில், 10,000க்கும் மேல். கல்முனை முதல் அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை கரையோர ஊர்களெல்லாம் அடிபட்டன. ஆறுதல் சொல்ல வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நிறையப் பேர் வந்தார்கள்.

அக்கரைப்பற்றில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் ஒரு வழக்கம் உண்டு. அங்கே வீடு மகளுக்குரியது. கலியாணத்தின்போது சீதனமாகக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த மக்களின் வாழ்க்கையைப் பல வருடம் ஆராய்ந்து 2008இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஊரில் ஓர் உம்மா “என்ட ஊடு போயிட்டு” என்று அழுகிறார். பக்கத்தில் இருப்பவர் “கவலைப்படாதீங்க, வேற வீடு தருவாங்க” என்கிறார். அந்த உம்மாவின் மனதில் இடிந்தது சுவர் மட்டுமா? மகளின் கலியாணமும், அதற்காக உழைத்த அத்தனை வருடங்களும் சேர்ந்தல்லவா போயின? புது வீடு கிடைத்தாலும் உறுதி யார் பெயரில் எழுதப்படும் என்ற பயமும் இருக்கும். வெளியாளுக்கு இது எப்படித் தெரியும்? அவர் சொல்லச் சொல்லக் கேட்டால்தான் தெரியும்.

இதையே ஒரு வைத்திய முறையாக ஆக்கியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987). அவர் பண்ணையில் வளர்ந்தவர். நிலவறையில் போட்ட உருளைக்கிழங்குகூட முளைவிட்டு வெளிச்சத்தைத் தேடிப் போகும் என்று அவர் எழுதினார். கிழங்கு பயிரிடும் நமக்கு இது புதிதல்ல. மனிதனும் அப்படித்தான், ஏற்ற சூழல் கிடைத்தால் அவனே தன் வழியைக் காண்பான் என்பது அவர் நம்பிக்கை. அந்தச் சூழலுக்கு முக்கியமானவை என்று 1957இல் அவர் எழுதியவற்றில் மூன்று இவை:

1. அவர் இடத்தில் நின்று பார்த்தல். “எனக்கும் இப்படித்தான் நடந்தது” என்று நம் கதையைத் தொடங்காமல், அவர் கதையை அவர் கண்ணால் பார்ப்பது.

2. நிபந்தனை இல்லாமல் மதித்தல். ஒருவர் இத்தா இருப்பார், ஒருவர் கருமாதி செய்வார், ஒருவர் ஜெபம் பண்ணுவார். ஒருவர் அழுவார், ஒருவர் கல்லாக இருப்பார். எதையும் குறை சொல்லக் கூடாது.

3. உண்மையாக இருத்தல். மனதில் அவசரத்தை வைத்துக்கொண்டு முகத்தில் பரிவு காட்டினால் எதிரில் இருப்பவருக்கு விளங்கிவிடும். நேரம் இல்லாவிட்டால் “பின்னேரம் வாறேன்” என்று சொல்லுங்கள், சொன்னபடி போங்கள்.

ரோஜர்ஸுடன் வேலை செய்த யூஜின் ஜென்ட்லின் இன்னொன்றைக் கவனித்தார். குணமடைகிறவர்கள் பேச்சின் நடுவே நிறுத்தி, உடம்புக்குள் இருக்கும் உணர்வுக்குச் சொல் தேடுகிறார்கள். “நெஞ்சில பாரம்”, “அடிவயிறு கலங்குது” என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? அப்படிச் சொல்பவரிடம் “அந்தப் பாரம் எப்படி இருக்கு?” என்று மெதுவாகக் கேளுங்கள். பிறகு காத்திருங்கள். இடையில் வரும் மௌனத்தைக் கண்டு பயப்படாதீர்கள்.

அதற்காக யாரையும் நோண்டி நோண்டிக் கேட்கவும் கூடாது. அனர்த்தத்தில் சிக்கியவர்களை நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. பார், கேள், உதவியோடு இணை என்ற மூன்றுதான் அதன் பாடம்.

இது நமக்கும் தேவையான பாடம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. உடலைக் காணாத துக்கம் கடற்கரைக்கும் மலைக்கும் ஒன்றுதான்.

பயிற்சி: இன்று வீட்டில் ஒருவர் பேச ஐந்து நிமிடம் கேளுங்கள். புத்தி சொல்ல வேண்டாம். முடிவில் “நீங்க சொன்னது எனக்கு இப்படி விளங்கிச்சு, சரியா?” என்று மட்டும் கேளுங்கள். லயத்துச் சுவர் மெல்லியது, ஆகவே கேட்டதைப் பீலிக்கரையில் பேசாதீர்கள்.

காது கொடுப்பது மட்டும் போதாத நேரமும் உண்டு. ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால், நாட்கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால், அல்லது குடி மிஞ்சினால் அவரைத் தனியே விடாதீர்கள். சாவைப் பற்றிய பேச்சை மட்டும் இரகசியமாக வைக்க வேண்டாம். தோட்ட வைத்திய உதவியாளரிடமோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கூடவே போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் பேசலாம்.

அடுத்த துக்க வீட்டுக்குத் தேத்தண்ணியோடு நம் காதையும் கொண்டு போவோம்.