தனியாள் தொழிலின் நன்மைகள்



டிப்ளமோ முடிக்கப் போகும் நம்மைப் பார்த்து, "எந்தக் கம்பெனியில் வேலை?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். "என்ன தொழில் செய்யப் போறே?" என்று கேட்பவர் குறைவு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் முதல் வருமானத்தை வீடே எதிர்பார்த்திருக்கிறது. ஆகவே இது எனக்கு வெறும் பாடம் அல்ல.

ஒருவரே முதல் போட்டு, ஒருவரே நடத்தி, லாப நட்டத்தை ஒருவரே ஏற்பது தனியாள் வணிகம். நமக்குப் பழக்கமான மோட்டார் ரீவைண்டிங் கடையை வைத்தே பார்ப்போம்.

1. தொடங்குவது சுலபம்

கூட்டாண்மைக்கு 1932-ஆம் ஆண்டுச் சட்டமும், கம்பெனிக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. தனியாள் கடைக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. பங்குதாரர் பத்திரமும் வேண்டாம். முதலாளியின் பான் எண்ணே கடைக்கும் பான் எண். 2020 ஜூலையில் வந்த உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானமின்றிக் கடன் கேட்கலாம்.

2. முடிவு உடனே

சாயங்காலம் 5 எச்.பி. மோட்டார் எரிந்து வருகிறது. வயலில் பயிர் காய்கிறது. ராத்திரியே காயில் சுற்றுவதா, கூலியை அறுவடைக்குப் பிறகு வாங்கிக்கொள்வதா? யாரையும் கேட்க வேண்டியதில்லை.

3. அனுபவம் நமக்கே

எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று குறித்து வைக்கும் நோட்டு நம்முடையது. நம்பி வரும் வாடிக்கையாளரும் நம்மவர்.

4. லாபம் முழுவதும் நமக்கே

இதில்தான் கவனம் தேவை. மாத வரவு 30,000 ரூபாய். கம்பி, வார்னிஷ், வாடகை, கரண்ட் எல்லாம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 12,000 லாபமா? அதே வேலைக்கு வெளியே 12,000 சம்பளம் கிடைக்குமானால், நாம் எடுத்தது நம் கூலி மட்டுமே. லாபம் பூஜ்யம்! ஆகவே நம் கூலியையும் செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. நமக்குக் காய்ச்சல் வந்தால் கடைக்கும் லீவுதான். கடைக்கடன் கடையோடு நிற்காது. நம் சொந்தச் சொத்து வரை வரும். எங்களுக்கு இருப்பதோ ஓர் ஓட்டு வீடு. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் இரண்டு வருடம் ஒரு கடையில் வேலை பழகுவோம். பிறகு சிறிய முதலில் தொடங்குவோம். கடைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைப்போம்.

கையில் தொழிலும் நோட்டில் கணக்கும் இருந்தால், தனியாகத் தொழில் செய்யப் பயப்பட வேண்டாம், நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் பிரிவு