சொல் அறிவோம்: பந்தல்



சென்ற வருட மகோற்சவத்தின்போது ஆலய முன்றலில் அடியார்களின் தாகம் தீர்க்க ஒரு கொட்டகை போட்டிருந்தோம். அதற்கு வழிகாட்டும் அறிவித்தலில் 'டென்ட்' என்று தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்தோம். தமிழ் வகுப்பு மாணவி ஒருவர் அதனைப் படித்துவிட்டு, "இதற்குத் தமிழிலே பெயர் இல்லையா?" என்று கேட்டார். பிழை எம்முடையது. ஆகவே அந்தப் பெயரையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

பந்தல் என்றதும் பெரியோருக்குத் திருமண வீடு நினைவுக்கு வரும். ஆனால் வீட்டுத் தோட்டத்திலும் பந்தல் உண்டு. பாகல், புடோல், அவரை, முல்லை முதலிய கொடிகள் தாமாக நிமிர்ந்து நிற்கமாட்டா. தடிகளை நட்டு, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்புகளைக் கட்டி, அவற்றைப் படரவிடுகிறோம். யாழ்ப்பாணத்து முந்திரிகைத் தோட்டங்களிலும் கொடிகள் பந்தலிலேயே படர்கின்றன. அதே கால்களின் மேல் கிடுகு வேய்ந்தால் மனிதருக்கு நிழல் தரும் பந்தல். கொடிக்குத் தாங்கல், ஆளுக்கு நிழல்: இரண்டுக்கும் ஒரே சொல்.

பழைய நூல்களில் 'பந்தர்' என்ற வடிவத்தையும் காணலாம். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணம் முத்துப் பந்தரின் கீழேயே நடைபெறுகிறது. சாம்பல், சாம்பர் என வருவது போலவே பந்தல், பந்தர் என வரும். இதனை இலக்கணத்தார் கடைப்போலி என்பர். மலையாளத்தில் பந்தல், தெலுங்கில் பந்திரி, கன்னடத்தில் ஹந்தர. கன்னடத்தில் பழைய பகரம் ஹகரமாக மாறியது. எமது 'பால்' அங்கே 'ஹாலு' ஆனதும் அவ்வாறே.

எமது சமயத்திலும் பந்தலுக்குச் சிறப்பிடம் உண்டு. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப்பந்தல் அமைத்தார் எனப் பெரியபுராணம் கூறும். வெயிலில் நடந்து வந்த திருஞானசம்பந்தருக்குப் பட்டீச்சரத்து இறைவன் முத்துப்பந்தல் அருளினார் என்பர். அவ்விழா அங்கே ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் நடைபெறுகிறது.

ஆங்கில அகராதிகளும் 'பண்டல்' என்ற சொல்லைத் தமிழிலிருந்து வந்ததாகவே காட்டுகின்றன. வங்காளத்தில் துர்க்கா பூசைக்கு அமைக்கும் பெரும் கூடங்களுக்கும் இப்பெயரே வழங்குகிறது. எமது அயலவர் தோட்டத்தில் கொடி படரவிடும் 'பெர்கோலா'வோ, கட்டடத்திலிருந்து வெளியே நீண்ட கூரையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் தம் சொல்லை வைத்திருக்கிறார்கள். எமது சொல்லைப் பிறரும் எடுத்து ஆளுகிறார்கள். எமது பிள்ளைகளின் வாயில் மட்டும் அது இல்லாமற் போகலாமா?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கோடையில் பாகற்கொடிக்குத் தடி நடும்போது பிள்ளைகளையும் அருகே அழைத்து, "பந்தல் போடுவோம், வாருங்கள்" என்று சொல்லுங்கள். கையால் செய்த வேலையின் பெயர் எளிதில் மறவாது.

மாணவர்களுக்குப் பயிற்சி: பந்தல் + கால் = பந்தற்கால். இவ்வாறே பந்தல் + காட்சி எவ்வாறு புணரும் என எழுதுக. பந்தல் என முடியும் மூன்று தொடர்மொழிகளை இக்கட்டுரையிலிருந்தும் வீட்டுப் பெரியோரிடமிருந்தும் அறிந்து எழுதி வாருங்கள்.

இவ்வருட மகோற்சவ அறிவித்தலில் நாம் 'தண்ணீர்ப்பந்தல்' என்றே எழுதுவோம்.