நோயாளியைப் பார்த்த வருடங்களுக்குப் பிறகு ஒலுவில் கரையில் ஒரு நாள்: முழுமையான வழிகாட்டி

நம் கிழக்குக் கரை முஸ்லிம் ஊர்களில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். உம்மாவும் வாப்பாவும் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இருப்பார்கள். இருவரில் ஒருவர் பாரிசவாதத்தில் விழுந்தால், தூக்கி இருத்துவதும் சலம் எடுப்பதும் இரவில் புரட்டிப் படுக்கவைப்பதும் பெரும்பாலும் அந்த மகளின் வேலை. வருடங்கள் அப்படியே ஓடிவிடும். இந்த வழிகாட்டி அந்த மகளுக்கு. கணவனைப் பார்த்த மனைவிக்கும் உம்மாவைப் பார்த்த மகனுக்கும் இது பொருந்தும். நோயாளி மௌத்தாகிவிட்டாலும் சரி, அரைநாள் மட்டும் கை ஒழிந்திருந்தாலும் சரி.

படி 1: வந்த நாளைப் பிடியுங்கள்

நாள் பார்த்து, வேன் பேசி, குடும்பத்தோடு நுவரெலியா போகலாம் என்பார்கள். முதல் பயணத்துக்கு அது வேண்டாம். அங்கேயும் சோறு கட்டுவதும் பிள்ளைகளைப் பார்ப்பதும் நீங்களாகத்தான் இருக்கும். தங்கச்சி வந்து “இண்டைக்கு நான் நிக்கன், நீங்க போங்க” என்றால், அபாயாவைப் போட்டுக்கொண்டு அப்போதே வெளிக்கிடுங்கள். யோசிக்கத் தொடங்கினால் உலையில் அரிசி போட்டுவிடுவீர்கள்.

கணவரை இழந்தவர்கள் இத்தாவின் நான்கு மாதம் பத்து நாளை முடித்துக்கொண்டு போகலாம். அதற்குப் பிறகும் வீட்டிலேயே இருந்தால்தான் மரியாதை என்று சொல்பவர்களுக்காக நீங்கள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை.

படி 2: நிற்பவரிடம் ஒரு தாளைக் கொடுங்கள்

இது நோயாளி இன்னும் வீட்டில் இருப்பவர்களுக்கு. திடீரென்று கிளம்ப வேண்டுமென்றால் இந்தத் தாள் முன்பே எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, கஞ்சி எவ்வளவு தண்ணியாக, எந்தப் பக்கம் சரித்துப் படுக்கவைப்பது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அடியில் 1990 என்று போடுங்கள். அது சுவசெரிய அம்புலன்ஸ்; காசு இல்லை. தாளைக் கொடுத்த பிறகு மணிக்கொரு தடவை போன் எடுக்காதீர்கள். அவசரம் என்றால் அவர்களே எடுப்பார்கள்.

படி 3: கிட்டடிக்குப் போங்கள்

பொத்துவில், அறுகம்பே எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் நாளுக்கு ஒலுவில் போதும். கல்முனையிலிருந்து வருபவர்கள் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால், சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் தாண்டி வந்து சேரலாம். வழியில் வயல்வெளி வரும். ஜன்னல் பக்கம் இருங்கள். சந்தியில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கடற்கரை.

கார்த்திகை, மார்கழியில் மழையும் கடல் கொந்தளிப்பும் இருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று முகத்தைச் சுடும். அப்போது சுபஹுக்குப் பிறகு அல்லது அஸர் தொழுதுவிட்டுப் போவதுதான் சரி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். பசியோடு போய் நிற்க வேண்டாம்.

படி 4: கரையில் என்ன செய்வது

ஒன்றும் செய்ய வேண்டாம். வருடக் கணக்காக ஓடிய உடம்புக்கு இதுதான் கஷ்டமான படி, அதனால் கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள். காலையில் கரைவலை இழுக்கும் இடம் கிடைத்தால் நின்று பாருங்கள். இரண்டு வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடித்துப் பின்னுக்குப் பின்னுக்கு நடப்பார்கள். வலையின் மடி கரையைத் தொடும்வரை என்ன மீன் பட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவு நேரம் வேறு எதையும் நினைக்காமல் நிற்க முடிகிறது என்பதே பெரிய ஓய்வு.

பிறகு வெளிச்சவீட்டுப் பக்கம் நடங்கள். 2013-இல் திறந்த துறைமுகமும் அங்கேதான். அந்தத் துறைமுகம் வந்த பிறகு அதற்கு வடக்கே கரையைக் கடல் அரித்தது. தென்னைகளும் காணிகளும் போயின. ஊருக்கு அது ஆறாத வேதனை. ஆகவே அரித்த மேட்டின் விளிம்பில் இருக்க வேண்டாம், துறைமுகக் கல் அணையில் ஏற வேண்டாம், தனியாகக் கடலில் இறங்கவும் வேண்டாம். கால் நனைத்தால் போதும்.

பசித்தால் கடையில் இருந்து சாப்பிடுங்கள். பார்சல் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடாதீர்கள். கொத்துரொட்டியை இன்னொருவர் போட்டு, இன்னொருவர் மேசையில் கொண்டுவந்து வைக்க, சூடு ஆறுமுன் சாப்பிட்டு எத்தனை காலம்?

படி 5: மனம் இழுக்கும்போது

குளிசை நேரம் வந்ததும் கை தானாகப் போனைத் தேடும். மௌத்தானவருக்காகக்கூடத் தேடும். அழுகை வந்தால் அழுங்கள். “எங்க புள்ள போயிட்டு வாறீங்க?” என்று தெருவில் கேட்டால் “சும்மா, கடற்கரைக்கு” என்று சொல்லுங்கள். காரணம் சேர்க்க வேண்டியதில்லை. சந்தோஷப்பட்டதால் நீங்கள் செய்த கிஜ்மத் குறைந்துவிடாது.

வாரக்கணக்கில் நித்திரை வராமல், வெளியே போக மனமே இல்லாமல் இருந்தால் அது வேறு விஷயம். ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுத்துப் பேசலாம்.

கூடப் பிறந்தவர்களுக்கு

உங்கள் ராத்தா இதை வாசித்துவிட்டுத் தானாகக் கேட்கமாட்டார். சுகம் விசாரிக்கப் போகும்போது அப்பிளும் பிஸ்கட்டும் கொண்டுபோய்க் கால்மணி நேரத்தில் எழும்பாதீர்கள். காலையிலேயே போய், அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, “மஃரிபுக்கு முந்தி வராதீங்க” என்று சொல்லி அனுப்பிவையுங்கள்.