லொக்கேஷனை ஆன் செய்யும் முன்

அன்புள்ள பாப்பா,

அடுத்த வாரம் சோழிங்கநல்லூரில் வேலைக்குச் சேரப் போகிறாய். அதற்குள் உன் அப்பா ஒரு நிபந்தனை போட்டுவிட்டான். கூகுள் மேப்ஸில் நீ இருக்கும் இடம் அவனுக்கு எப்போதும் தெரிய வேண்டும், அணைக்கவே கூடாது. "மறுக்க என்ன காரணம் சொல்வதென்று தெரியவில்லை அத்தை, ஆனால் மனசு ஒப்பவில்லை" என்று எழுதியிருந்தாய். மனசு ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயணத்தின்போது கட்டாயம் பகிர்ந்துகொள். நாள் முழுக்கப் பகிராதே.

முதலில் அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள். மேலேயிருந்து சாட்டிலைட் நம்மைப் பார்க்கிறது என்று உன் அப்பா நினைக்கிறான். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் யாரையும் பார்ப்பதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தாங்கள் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். உன் போன் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வாங்கி, ஒவ்வொன்றும் வந்துசேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்குப் போட்டு, தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கிறது. அதுவரை அந்தத் தகவல் உன் கையில்தான் இருக்கிறது. அதை இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிக்கும், அங்கிருந்து அப்பாவின் போனுக்கும் அனுப்புவது முற்றிலும் வேறு வேலை. முதலாவது உனக்கு வழி காட்டுகிறது. இரண்டாவது உன்னை இன்னொருவருக்குக் காட்டுகிறது. முதலாவது வேண்டும் என்பதற்காக இரண்டாவதற்கும் சம்மதிக்க வேண்டியதில்லை.

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவம் உருவாக்கியது. 1983 செப்டம்பரில் தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போய்விட்டது. அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் இந்த வசதி பொதுமக்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று அதிபர் ரீகன் அறிவித்தார். அப்படியும் பல ஆண்டுகள் பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே துல்லியம் குறைத்தே கொடுத்தார்கள். 2000 மே மாதம் கிளின்டன் அந்தத் தடையை நீக்கினார். இன்று ஆட்டோக்காரர் சந்து தவறாமல் வந்து நிற்பது அதனால்தான். வழி தவறி யாரும் சாகக் கூடாது என்று திறந்துவிடப்பட்ட கதவு இது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

கூகுள் மேப்ஸிலும் வாட்ஸ்அப்பிலும் நகர்ந்துகொண்டே இருக்கும் இருப்பிடத்தைப் பகிரும் இப்போதைய வசதி வந்தது 2017இல். அதற்கு முன் நம் ஊரில் எந்த அப்பாவும் மகளிடம் இதைக் கேட்டதாக எனக்குத் தெரியாது. எளிதாக முடியும் என்று ஆனதும் சிலர் கேட்டார்கள். பிறகு, கேட்பதுதான் பொறுப்புள்ள தகப்பனுக்கு அடையாளம் என்று ஆனது. இப்போது மறுக்கிற பெண்ணிடம் ஏதோ ஒளிவுமறைவு இருக்கிறது என்ற இடத்துக்கு வந்து நிற்கிறோம். யாரும் கூடிப் பேசி இப்படி ஒரு ஒழுக்க விதியைச் செய்யவில்லை. ஒரு பொத்தான் வந்தது, விதி அதன் பின்னால் வந்துவிட்டது. புதிய கருவி எது வந்தாலும் நீ கவனிக்க வேண்டியது இதைத்தான்: நேற்றுவரை இயல்பாக இருந்த எது, இன்று சந்தேகத்துக்கு உரியதாகிறது?

உன் அப்பா உன் வயதில் வேலை தேடிப் பம்பாய்க்குப் போனான். நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று அவன் எழுதிய கார்டு வரும்வரை உன் அப்பத்தா சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு எஸ்டிடி பூத் வந்தது. இரவில் கட்டணம் குறையும் நேரம் பார்த்துக் கூப்பிடுவான், அப்பத்தா பக்கத்து வீட்டுக்கு ஓடுவாள். அந்தத் தவிப்பு திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் அங்கே வேலையை விட்டதையும் வேறு வேலை தேடியதையும், எல்லாம் சரியான பிறகு அவனாகவே வந்து சொன்னான். எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்று தீர்மானிக்கும் இடம் அவனுக்கு இருந்தது. அவன் பெரியவன் ஆனது அந்த இடத்தில்தான். அது உனக்கும் வேண்டும்.

மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே இருந்தால் கவலை குறையும் என்று அவன் நம்புகிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சார்ஜ் தீர்ந்தால் திரையில் உன் படம் அசையாமல் நிற்கும். இங்கே வீட்டில் நெஞ்சு படபடக்கும். பெரிய கட்டடங்களுக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை சரியாக எட்டாது. வைஃபையையும் டவரையும் வைத்துப் போன் உத்தேசமாகத்தான் இடம் சொல்லும். நீ அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது வரைபடம் உன்னை எதிர்ச்சாரி ஹோட்டலில் காட்டலாம். "அங்கே யாரோடு போனாய்?" என்ற கேள்வி வரும். கேட்பவன் கெட்டவன் அல்ல. அரைகுறையாக ஒன்று கண்ணில் பட்டால் மீதியைப் பயம் எழுதிக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நீ தங்கப்போகும் விடுதிக்குப் போனதும் அங்கிருக்கும் பெண்களிடம் கேட்டுப்பார். போனை அறையிலேயே வைத்துவிட்டுக் கடற்கரைக்கோ சினிமாவுக்கோ போகிறவர்கள் இருப்பார்கள். போன் கட்டில்மேல் கிடக்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். பாதுகாப்புக்கென்று செய்த ஏற்பாடு, ஒரு பெண்ணை ராத்திரியில் கையில் போன் இல்லாமல் தெருவில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவசரத்துக்கு 112ஐக் கூப்பிடக்கூட அவளிடம் வழி இல்லை. ஏதாவது நடந்தால் வீட்டுக்குச் சொல்லும் தைரியமும் இருக்காது, ஏனென்றால் அவள் அங்கே போனதே வீட்டுக்குத் தெரியாது. வரைபடம் எங்கே என்று சொல்லும். என்ன நடக்கிறது என்று சொல்லாது. அதை நீதான் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் முதலில் திட்டு விழாது என்ற நம்பிக்கையை உன் அப்பா உனக்குத் தர வேண்டும். உண்மையான பாதுகாப்பு அது ஒன்றுதான், அதற்கு ஆப் கிடையாது.

உன் அண்ணன் பெங்களூருக்குப் போனபோது இந்த நிபந்தனை இருந்ததா? இல்லை. அவன் ராத்திரி பைக்கில் ஓசூர் வரை போய் வந்ததை நான் அறிவேன். நெடுஞ்சாலையில் அவனுக்கு இருந்த ஆபத்து உனக்கு இருப்பதைவிடக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே இங்கே பாதுகாப்பைத் தாண்டி வேறு ஒன்றும் கலந்திருக்கிறது. அதை உன் அப்பாவிடம் அமைதியாகக் கேள். கோபப்படுவான், ஆனால் யோசிப்பான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள். 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். எனக்கு அதைவிட மனதில் நிற்பது 2024 ஜூலையில் வந்த இன்னொரு தீர்ப்பு. போதைப்பொருள் வழக்கில் சிக்கிய நைஜீரியர் ஒருவருக்கு ஜாமீன் கொடுக்கும்போது, கூகுள் மேப்ஸில் தன் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அதை ரத்து செய்தது. ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வோர் அசைவையும் போலீஸ் தொடர்ந்து கண்காணிக்கும்படியான நிபந்தனை அவருடைய அந்தரங்க உரிமையை மீறுகிறது என்றது. நீ குற்றம் சாட்டப்பட்டவள் அல்ல. படித்து முடித்து வேலைக்குப் போகிறவள். அரசுக்கும் குடிமகனுக்கும் உள்ள உறவு வேறு, தகப்பனுக்கும் மகளுக்கும் உள்ள உறவு வேறு என்று அப்பா சொல்லலாம். உண்மைதான். அன்பு இருக்கும் இடத்தில் கண்ணியம் இன்னும் கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும்?

நாளைக்கு ஒருவன் வருவான், காதலனாகவோ கணவனாகவோ. "என்மேல் நம்பிக்கை இருந்தால் லொக்கேஷன் போடு, பாஸ்வேர்டைக் கொடு" என்பான். அதை அன்பு என்று எண்ணிவிடாதே. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மனைவியின் போன் அழைப்பு விவரங்களை அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்த கணவனின் ஆதாரத்தை ஏற்க மறுத்தார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தம்பதியரில் ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் ஓர் உண்மை இருக்கிறது: ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டாலே அந்த உறவு உடைந்ததற்கு அது அறிகுறி என்றார்கள்.

இப்போது உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். சாப்பாடு ஆர்டர் செய்துவிட்டு, கொண்டுவரும் பையனின் வண்டி திரையில் எங்கே நிற்கிறது என்று நீ பார்த்துக்கொண்டே இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஓரிடத்தில் நின்றால், "ஏன் அங்கேயே நிற்கிறான்?" என்பாய். அவன் மழைக்கு ஒதுங்கியிருக்கலாம், சிறுநீர் கழிக்கப் போயிருக்கலாம். சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு ஜிபிஎஸ் கடிகாரம் கட்டிவிட்டார்கள். எங்கே நின்றார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று அதிகாரி திரையில் பார்க்க முடிந்தது. ஏழைகள்மேல் முதலில் பழகிவிட்டுத்தான் இந்தக் கண் நம் வீட்டுக்குள் வருகிறது.

வீட்டுக்குள்ளும் வந்தாயிற்று. அப்பத்தா வீட்டுக் கூடத்தில் உன் அப்பா கேமரா மாட்டியிருக்கிறான். அந்த ஆப் உன் போனிலும் இருக்கிறது. வயதானவள், தனியாக இருக்கிறாள், விழுந்துவிட்டால் தெரிய வேண்டும் என்ற அவன் எண்ணம் நல்லது. ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்தால் இப்போது அடுக்களைக்குள் கூட்டிப்போய்த்தான் பேசுகிறாள். மதியம் கூடத்தில் முந்தானையை விரித்துப் படுத்துக் கிடந்தவள், இப்போது உள் அறையில் புழுக்கத்தில் படுக்கிறாள். எண்பது வயதில் தன் சொந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே விசாலமான இடம் போய்விட்டது. உனக்கு எது வேண்டும் என்று கேட்கிறாயோ, அது அவளுக்கும் வேண்டும்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஊருக்கு வரக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினால் வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் போடு; 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவு இருக்கிறது. கரூருக்கு எட்டு மணி நேரம் போதும், அதுவே அணைந்துவிடும். இரவு ஷிஃப்ட் முடிந்து கேப்பில் ஏறினால் ஒரு மணி நேரம். விடுதி வார்டன் எண்ணையும் அறைத்தோழி எண்ணையும் அப்பாவிடம் கொடுத்துவிடு. போனில் அவசர அழைப்பு வசதியை இன்றே அமைத்துவை. மகளிர் உதவி எண் 181ஐப் பதிந்துகொள். உன் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு அண்ணனுக்குத் தெரியும் அல்லவா? மாற்றிவிடு, அது தெரிந்தவர் உன் போன் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க முடியும்.

இன்னொன்று. 2021இல் ஆப்பிள் நிறுவனம் ஏர்டேக் என்ற சிறு வில்லையை விற்கத் தொடங்கியது. சாவியும் பெட்டியும் தொலையாமல் இருக்க வந்த பொருள். அதைப் பெண்களின் பைக்குள்ளும் காருக்குள்ளும் ரகசியமாகப் போட்டுப் பின்தொடர்ந்தவர்கள் உண்டு. 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து, இப்படிப்பட்ட முன்பின் தெரியாத வில்லை உன்னோடு நகர்ந்தால் போன் எச்சரிக்கும்படி செய்தன. அந்த எச்சரிக்கை வந்தால் அலட்சியப்படுத்தாதே.

தினமும் இரவு ஒரு முறை அப்பாவைக் கூப்பிடு. சாப்பிட்டாயா, வேலை எப்படி என்பதோடு நிறுத்தாமல், அன்றைக்குப் போன இடம் ஒன்றைப் பற்றி நீயாகச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். நிபந்தனையைப் பற்றி நீ பேசத் தொடங்கு, நான் பக்கத்தில் இருப்பேன். அதற்கு முன் சனிக்கிழமையே அப்பத்தாவிடம் போய், அந்தக் கேமரா வேண்டுமா, வேண்டுமென்றால் எங்கே இருக்கலாம் என்று கேட்டு, அவள் சொல்கிறபடி மாற்றி மாட்டிவிடு. வாசல் பக்கம் திருப்பச் சொல்வாள் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அத்தை